புள்ளியேட்டில் பதியாத காவல்

கூடைப்பந்தாட்டத்தில் பந்தை முன்னெடுத்துச் சென்று தன் அணியின் தாக்குதலை வகுத்துக் கொடுப்பவர் பொயின்ற் கார்ட் எனப்படுவர். கார்ட் என்பது காவலரைக் குறிக்கும் சொல். ஆயினும் அவர் அளித்த பந்துகளையும் ஈட்டிய புள்ளிகளையும் கொண்டே அவரை மதிப்பிடுகின்றோம். அணியின் காப்புக்கு அவர் ஆற்றும் பணி யாது என்னும் வினாவை ஆராய்வதற்கு அமெரிக்காவின் பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியின் வரலாறு ஏற்றதொரு களமாகும்.

அவ்வணியின் ஆட்டத்தை நெடுங்காலம் நெறிப்படுத்திய பொப் கூசி, சக ஆட்டக்காரர் புள்ளி பெறத் துணைசெய்வதில் 1953 முதல் 1960 வரை தொடர்ந்து எட்டுப் பருவங்கள் முதலிடம் வகித்தவர். 1963 இல் அவர் விலகியபோது அவரது இடம் கே. சீ. ஜோன்சுக்குக் கிடைத்தது. ஜோன்ஸ் தம் ஆட்டக்காலம் முழுவதிலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 7.4 புள்ளிகளே பெற்றவர். அணி தளர்ந்துவிடும் என எவரும் எண்ணியிருக்கலாம். ஆனால் 1964, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பொஸ்ரனே வாகை சூடிற்று.

இப்பெருமை கூடையடியில் நின்று காத்த பில் ரசலுக்கே உரியது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் வலுவற்றதன்று. ஜோன்சும் ரசலும் சன்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடியவர்கள். 1955 இறுதியாட்டத்தில் தம்மைவிட ஐந்து அங்குலம் உயரமான ரொம் கோலாவைக் காக்கும் பொறுப்பை ஜோன்ஸ் ஏற்றார், அவ்வணி வென்றது. எனினும், விதிமுறை காரணமாக ஜோன்ஸ் பங்குபற்ற முடியாத 1956 சுற்றிலும் அது வென்றமை மறுக்கவியலாத உண்மை.

எனவே இருவரையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதிலும் அவர்களிடையே அமைந்த தொடர்பை நோக்குவதே பொருத்தமாகும். பந்தைப் பெற்ற அணி 24 செக்கன்களுள் எறிதல் வேண்டும் என்ற விதி 1954 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், பந்தைக் கொண்டுவருபவரை நடுக்கோட்டுக்கு அப்பாலேயே நெருக்கித் தாமதப்படுத்துவது பெரும்பயன் தரலாயிற்று. எதிரணி தன் திட்டத்தைத் தொடங்கும்போதே பொழுது குறைந்துவிடும். தம்மைக் கடந்து செல்பவரைத் தடுக்கப் பின்னே ரசல் உளர் என்னும் துணிவுடன் ஜோன்ஸ் நெருக்கினார். முன்னே தாமதம் விளைந்தமையால் ரசலின் பணியும் இலகுவாயிற்று.

இதனைத் தொகையால் நிறுவுதல் அரிது. பந்தைப் பறித்தலைத் தேசியச் சங்கம் 1973-74 பருவத்திலிருந்தே பதிவு செய்தது. ஜோன்சோ 1967 இல் ஓய்வு பெற்றுவிட்டார். தாமதப்படுத்துதலுக்குப் புள்ளியேட்டில் நிரலே இருக்கவில்லை.

பிற்காலத்தில் நிலைமை சிறிது மாறிற்று. 1996 இல் சிறந்த காப்பாளர் விருது சியாற்றில் அணியின் பொயின்ற் கார்ட் கரி பேற்றனுக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு இறுதித்தொடரின் முதல் மூன்று ஆட்டங்களில் சிக்காகோவின் மைக்கல் ஜோர்டன் 28, 29, 36 புள்ளிகள் பெற்றார். நான்காம் ஆட்டத்திலிருந்து அவரைக் காக்கும் பொறுப்பைப் பேற்றன் ஏற்றபின் அவை 23, 26, 22 எனக் குறைந்தன. சியாற்றில் இரண்டு ஆட்டங்களை வென்றது. ஆறாம் ஆட்டத்தில் ஜோர்டன் 19 முறை எறிந்து ஐந்தே முறை வெற்றி கண்டார். ஆயினும் அன்று கிண்ணம் சிக்காகோவுக்கே சென்றது: தன் அணியினர் தவறவிட்ட பந்துகளை டெனிஸ் றொட்மன் எதிரணியின் கூடையடியில் பதினொரு முறை மீட்டுக் கொடுத்திருந்தார்.