அரக்கும் சிலிக்கனும்: தெமோதரைப் பக்கத்து எஞ்சின்களின் கதை

தெமோதரையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் புகையிரதப் பாதையைப் பற்றியே எழுதுகிறார்கள். நிலையத்தைவிட்டுப் புறப்படும் பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்றொரு கதையும் உண்டு. கதைக்கு ஆவணச் சான்று எதுவும் இருப்பதாக நான் அறியேன். ஆனால் ஊவாவில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் புத்திக்குக் கடன்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய வேலை அது ஒன்றுதான் என்பதால் எனக்கு அந்தக் கதையின் மேல் ஒரு பிரியம். நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்த பாதை, பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது.

நான் எழுத வந்தது அந்தப் பாதையைப் பற்றியல்ல. பாதையின் இருபுறமும் உள்ள தோட்டங்களில் ஓடிய எஞ்சின்களைப் பற்றி. இன்னும் குறிப்பாக, அவற்றின் இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே பூசப்பட்ட பசையைப் பற்றி. சிரிக்க வேண்டாம். இந்த நாட்டின் அந்நியச் செலாவணி வரலாற்றை அந்தப் பசையைக் கொண்டே எழுதிவிடலாம்.

எஞ்சினின் இரு பாகங்களை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்து பொருத்தினாலும் இடையில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கும். அதன் வழியே ஒயில் கசியும், தண்ணீர் கசியும், வெடிக்கும் வாயு வெளியேறும். அதை அடைக்க வைக்கும் தகடுதான் கேஸ்கட். சிலிண்டர் தலைக்குச் செப்பும் கல்நாரும் சேர்ந்தது, ஒயில் சட்டிக்குத் தடித்த காகிதம், வால்வு மூடிக்குத் தக்கை. தகடு கிடைக்காதபோது, அல்லது கிடைத்த தகட்டை நம்ப முடியாதபோது, பூசுகிற திரவம்தான் நம் கதாநாயகன்.

நீராவிக் காலத்தில் அதன் வேலையைச் செய்தது ஈயச் செந்தூரம். ஆளிவிதை எண்ணெயில் அதைக் குழைத்து, சணல் நாரோடு சேர்த்துக் குழாய் இணைப்புகளில் திணிப்பார்கள். அது கல்லாக இறுகும். கையில் பட்டதை மட்டும் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஈயம் நஞ்சு என்று தொழிலாளிக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

டீசல் எஞ்சின்கள் வந்தபின் அரக்கு வந்தது. மகாபாரதத்தில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையின் அதே அரக்குதான். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. இன்றைய ஜார்க்கண்ட், மேற்கு வங்கப் பகுதிகளிலிருந்து உலகெங்கும் போயிற்று. பதுளைக்குப் புகையிரதம் வந்த அதே 1924இல்தான் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அரக்குச் செதில்களை மதுசாரத்தில் கரைத்துக் காகிதத்தின் இருபுறமும் பூசினால் மதுசாரம் பறந்துவிடும், அரக்கு தங்கிவிடும். அரக்கு மதுசாரத்தில் கரையும். ஒயிலிலும் பெற்றோலிலும் கரையாது. எஞ்சினுக்கு வேண்டியது அதுவே. இரசாயனம் படிக்காமலே தோட்டத்து மெக்கானிக் இதை அறிந்திருந்தார்.

வெளியுலகில் இது பெரிய வியாபாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1909இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் தொடங்கிய பெர்மாடெக்ஸ் நிறுவனம் குப்பியிலும் குழாயிலும் கேஸ்கட் பசையை விற்றது. 1950களில் ரோல்ஸ் ரொய்ஸின் ஜெட் எஞ்சின்களுக்காக ஹைலோமர் என்னும் நீலநிறப் பசை உருவாயிற்று. அது இறுகுவதே இல்லை, பிசுபிசுப்பாகவே இருந்து அடைக்கும். 1953இல் அமெரிக்க இரசாயனப் பேராசிரியர் வேர்னன் கிரீபிள் தலைகீழான ஒன்றைக் கண்டார். அவருடைய திரவம் காற்றுப் படும்வரை திரவமாகவே இருக்கும். காற்றில்லாத இடத்தில், உலோகத்துக்கு நடுவில், இறுகிவிடும். லொக்டைட் என்ற பெயர் அப்படி வந்தது. ஜப்பானில் 1955இல் திரீபொண்ட் தொடங்கியது. பின்னர் அறை வெப்பத்திலேயே இறுகும் சிலிக்கன் குழாய்கள் வந்தன.

இவை எதுவும் 1970களின் ஊவாவுக்கு எட்டவில்லை என்றே சொல்லலாம். 1968இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. 1970இல் அமைந்த ஆட்சியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் உதிரிப் பாகம் என்பது அரசியல் செல்வாக்கு உள்ளவர்களின் சொல்லாயிற்று. மலையகத்தில் மக்கள் பட்டினி கிடந்த காலம் அது. கேஸ்கட்டுக்காக யார் அழுவார்கள்? ஆனால் கொழுந்து காத்திருக்காது. பறித்த கொழுந்து தொழிற்சாலைக்கு வராமல் லொறி வழியில் நின்றால் அன்றைய தேயிலை பாழ். எஞ்சின் நின்றால் உருளை நிற்கும், உலர்த்தி நிற்கும்.

செய்தி சேகரிப்பதற்காக அந்தப் பக்கம் போனபோது தோட்டத்துப் பட்டறைகளில் மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். கேஸ்கட் வெட்டக் கத்தரிக்கோலை எடுக்க மாட்டார்கள். தடித்த அட்டையை எஞ்சின் பாகத்தின் மேலேயே விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டுவார்கள். இரும்பின் விளிம்பே கத்தியாகி அட்டையை அறுக்கும். துளைகளுக்கு மேல் ஒரு தட்டு, வட்டமாக விழும். பழைய நாட்காட்டி அட்டை, சீமெந்துப் பையின் தாள், எல்லாம் கேஸ்கட் ஆகும். “உங்கள் பத்திரிகைத் தாள்தான் ஐயா ஒன்றுக்கும் உதவாது, ஒயில் பட்டதும் கூழாகிவிடும்” என்று ஒரு முதியவர் என்னிடமே சொன்னார். தொழில் வாழ்க்கையில் நான் கேட்ட நேர்மையான விமர்சனங்களில் அதுவும் ஒன்று.

செப்பு கேஸ்கட்டைக் கழற்றினால் அது இறுகிப்போயிருக்கும். மீண்டும் போட்டால் ஒழுகும். அவர்கள் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். இரும்பை அப்படிச் செய்தால் கடினமாகும், செப்பு இளகும். இளகிய தகட்டின் மேல் அரக்கைப் பூசி, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே மூச்சில் அன்றிச் சுற்றுச் சுற்றாக இறுக்குவார்கள். இந்த முறையில் ஒரே தகட்டைப் பலமுறை பயன்படுத்தினார்கள்.

இந்தக் கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களை, 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டுப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்களில் கொழுந்து பறித்தவர்கள் மட்டுமல்ல, பட்டறைக்காரர்களும் இருந்தார்கள். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இந்த வெளியேற்றமும் நடந்தது. எஞ்சினைத் தெரிந்தவரை அனுப்பிவிட்டு, எஞ்சினுக்குப் பாகம் இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். பாகம் இல்லாமல் ஓட்டத் தெரிந்தவர் போய்விட்டார் என்பது எந்த அறிக்கையிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு வனத்துறை 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தாம் பின்னர் டான்டீ ஆயின. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்று இந்தப் பசைக்குச் சென்னை நிறுவனமொன்றின் பெயரே பொதுப்பெயராகிவிட்டது; “அனபாண்ட் போடு” என்றால் எந்தப் பையனும் எடுத்து வருவான்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் இங்கும் சிலிக்கன் குழாய்கள் வரத் தொடங்கின. யாரும் வீட்டு முற்றத்தில் எஞ்சினைப் பிரிக்கலாம் என்ற துணிச்சலும் அவற்றோடு வந்தது. அதில் எனக்குச் சற்று மனக்குறை உண்டு. சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகுவது. சில வகைகளில் இறுகும்போது வினாகிரி நெடி வரும். மேற்பரப்பு சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும், உள்ளே இறுக ஒரு நாள் வேண்டும். பொறுமையில்லாதவர் உடனே எஞ்சினைக் கிளப்புகிறார். அதிகம் பூசினால் நல்லது என்று நினைப்பவர் இன்னும் ஆபத்தானவர். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறது. அது உதிர்ந்து ஒயில் சல்லடையை அடைத்தால், ஒழுகலை நிறுத்தப் போய் எஞ்சினையே நிறுத்தியதாகும். காபரேட்டரில் பூசினால் பெற்றோலில் ஊதிப் பிய்ந்துவிடும். சிலிண்டர் தலைக்கு அது ஆகவே ஆகாது. அங்குள்ள வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்க அதனால் முடியாது. பெற்றோலுக்கு அஞ்சாத அரக்கைப் பழைய ஆட்கள் கைவிடாததன் காரணம் இப்போது விளங்கும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. டீசலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றது, பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அந்த மாதங்களில் பதுளையிலுள்ள நண்பரொருவர் தொலைபேசியில் பேசினார். அவருடைய பழைய டிராக்டரின் செப்பு கேஸ்கட்டை அடுப்பில் சிவக்கவைத்துத் தண்ணீரில் போட்ட ஒரு பட்டறைக்காரரைப் பற்றி வியந்து சொன்னார். எங்கே கற்றாராம் என்று கேட்டேன். தகப்பனாரிடமிருந்தாம், தகப்பனார் தோட்டத்தில் எஞ்சின் டிரைவராக இருந்தவராம். 1970களில் கப்பலேறாமல் தங்கிவிட்ட குடும்பம்.

2025இல் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிவிட்டது. உதிரிப் பாகக் கடைகளில் சிலிக்கன் குழாய்கள் கறுப்பும் சிவப்பும் சாம்பலுமாகத் தொங்குகின்றன. அரக்கு அங்கே கிடைக்காது. அது வேண்டுமானால் தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் பொலிஷ் வாங்கும் கடையில்தான் கேட்க வேண்டும்.