மூங்கிலில் எழுந்த ஓர்கன்

தேவாலய இசை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது ஹார்மோனியம். ஐரோப்பியப் பேராலயங்களில் உள்ள குழல் ஓர்கன் வேறு வகையைச் சேர்ந்தது. ஒரு சுவரையே அடைத்து நிற்கும் அளவுக்குப் பெரியதாகவும் இருக்கும். துருத்திகள் ஒரு பெட்டிக்குள் காற்றை நிரப்பும். வாசிப்பவர் கட்டையை அழுத்த, அதற்குரிய குழலின் அடைப்புத் திறந்து காற்று உள்ளே புகும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலோ மரத்தாலோ இக்குழல்களைச் செய்வது வழக்கம். ஆகவே, ஓர்கன் கட்டுபவர் தச்சராகவும் கொல்லராகவும் நுட்பமான இசைச் செவி உடையவராகவும் இருக்கவேண்டும்.

ஜேர்மனியின் கொட்ஃபிரீட் சில்பெர்மன், பிரான்சின் அரிஸ்தீத் கவயே-கோல் ஆகியோர் இத்துறையில் பெரும் பெயர்கள். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் டியேகோ சேரா அவர்களளவு அறியப்பட்டவர் அல்லர். ஆயினும் வெப்ப நாட்டவர்களாகிய நமக்கு அவருடைய பணி கூடுதலான அக்கறைக்குரியது.

1762இல் ஸ்பெயினின் அரகோன் பிரதேசத்தில், கிராவுஸ் என்னும் ஊரில் பிறந்தவர் சேரா. அகுஸ்தீன் மரபைச் சேர்ந்த துறவி. அன்று ஸ்பானியர் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸுக்கு வந்து, 1795இல் மணிலாவுக்குத் தெற்கே உள்ள லாஸ் பின்யாஸ் என்ற கரையோரக் கிராமத்தின் பங்குக் குருவானார். மீன்பிடிப்பாலும் உப்பு விளைவிப்பாலும் பிழைத்த மக்கள் அவர்கள். அங்கே புனித சூசையப்பருக்குக் கல்லாலான ஆலயத்தை எழுப்பினார்.

1816இல் அந்த ஆலயத்துக்கு ஓர் ஓர்கன் செய்யத் தொடங்கினார். குழலுக்கு அவர் தெரிந்தெடுத்த பொருள் மூங்கில். வெட்டிய மூங்கில்களைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார்கள். பல மாதங்கள் கழித்துத் தோண்டியெடுத்தபோது, பூச்சி அரிக்காது தேறியவையே வேலைக்கு எடுக்கப்பட்டன. 1821 அளவில் வாத்தியம் வாசிக்கக்கூடிய நிலையை அடைந்தது. ஆனால் வேலை முடியவில்லை. எக்காளக் குழல்கள் பாக்கி. அவையும் சேர்ந்து ஓர்கன் முழுமை பெற்றது 1824இல். மொத்தக் குழல்கள் 1031. அவற்றுள் 902 மூங்கில், 129 உலோகம்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஓர்கன் குழல்களில் இரு இனங்கள் உண்டு. புல்லாங்குழலைப் போல, விளிம்பில் மோதும் காற்றினால் ஒலிப்பவை ஓர் இனம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல, அதிரும் ஒரு நாக்கினால் ஒலிப்பவை மற்றையது. எக்காளக் குழல்கள் இந்த இரண்டாவது இனம். ஸ்பானிய முறைப்படி அவை ஓர்கனின் முகப்பிலிருந்து சபையை நோக்கிக் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும். புல்லாங்குழல் இனத்துக்கு மூங்கில் இயல்பான வீடு. எக்காளத்தின் கூரிய ஒலியை அதனால் தரமுடியாது எனக் கண்டதும் சேரா உலோகத்துக்குப் போனார். ஏழை ஊர், மலிவான பொருள் என்று மட்டும் இதனை விளக்குவது போதாது என்பது என் கருத்து. மூங்கில் எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதைக் காதால் அளந்தறிந்த ஒருவரின் தீர்ப்பு இது. மூங்கிலை வெட்டி, புதைத்து, துளைத்துக் கொடுத்த ஊரவரின் கைகளும் இதில் உண்டு. வரலாறு வழக்கம்போல் குருவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

சேரா 1832இல் மணிலாவில் காலமானார். பின்னர் நிலநடுக்கங்களும் சூறாவளியும் ஆலயத்தைத் தாக்கின. மழைநீர் ஓர்கனுக்குள் இறங்கியது. இடையிடையே பழுதுபார்த்தும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது பெரும்பாலும் பேச்சிழந்தே கிடந்தது.

1973இல் அதனைக் கழற்றிக் கப்பலேற்றினார்கள். மூங்கில் குழல்கள் யப்பானிலும், ஏனைய பாகங்கள் ஜேர்மனியின் பொண் நகரில் உள்ள கிளைஸ் பட்டறையிலும் செப்பனிடப்பட்டன. குழல்களை ஒன்றுசேர்த்துச் சுருதி கூட்டுவதற்கு ஜேர்மனியின் உலர்ந்த குளிர்காற்று ஒத்துவரவில்லை. மூங்கில் வெடித்துவிடும். ஆகவே பிலிப்பைன்ஸின் வெக்கையும் ஈரப்பதனும் கொண்ட தனி அறையொன்றைப் பட்டறைக்குள் அமைத்தார்கள். ஐரோப்பிய வாத்தியம் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது, அதற்காக வெப்ப நாட்டின் காற்றை அங்கே செய்யவேண்டியிருந்தது!

1975 மே 9ஆந் திகதி, லாஸ் பின்யாஸ் ஆலயத்தில் அது மீண்டும் ஒலித்தது. அடுத்த ஆண்டிலிருந்து அங்கு ஓர்கன் இசைவிழாவும் நடைபெறலாயிற்று. 2003இல் பிலிப்பைன்ஸ் அரசு அதனைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அக்காலத்தில் மறுபடி பழுதுபார்க்க வேண்டிவந்தபோது கப்பல் தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் தொழில் பயின்று வந்த பிலிப்பைன்ஸ் கைவினைஞர்கள் அதே ஊரில் பட்டறை ஒன்றை நிறுவியிருந்தார்கள். வேலையை அவர்களே செய்தார்கள். அந்தப் பட்டறைக்கு அவர்கள் சூட்டியிருந்த பெயர் டியேகோ சேரா.