கடவுச்சொல்

‘கட’ என்னும் வினையடியிற் பிறந்து வழியைக் குறிக்கும் ‘கடவு’ என்னும் பழஞ்சொல், இலங்கைத் தமிழரிடையே கடவுச்சீட்டாக வழங்கி, கணினி யுகத்திலே வாயில் திறக்கும் இரகசியச் சொல்லுக்கும் பெயராயிற்று. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் அமைந்துள்ள பெரும்பாக்கத்திலும் ஜனங்கள் நாவில் ‘பாஸ்வேர்டு’தான் புரள்கிறது; அதை மஞ்சள் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவைப்போரும் இல்லாமலில்லை. நன்கமைந்த கணினியோ அச்சொல்லை உள்ளபடியே சேமியாமல், பழைய ரூபத்துக்குத் திருப்பவொண்ணாத கணிதச் சாயலாக மாற்றிவைத்து, நாம் தட்டுவதையும் அவ்வாறே மாற்றி ஒப்புநோக்கும். ஆதலால், மறந்தவருக்குப் பழைய சொல்லையே அனுப்பிவைக்கும் தளத்தை நான் நம்பமாட்டேன். பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு, இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.