ஆள்களப் பெயரும் வணிகச் சின்னமும்: 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வரலாற்றிடம்

வணிகச் சின்ன உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது; வெவ்வேறு தொழில் செய்வோர் ஒரே பெயரைத் தாங்கவும் அதில் இடமுண்டு. ஆள்களப் பெயரோ உலகெங்கும் ஒருவருக்கே உரியது. முந்திப் பதிந்தவருக்கே கிடைப்பது. இம்முரணே வழக்குகளுக்கு வித்தாயிற்று.

1999இல் தில்லி உயர்நீதிமன்றம் ‘யாகூஇந்தியா’ வழக்கில் இடைக்காலத் தடை வழங்கியது. அவ்வாண்டிறுதியில் இயற்றப்பட்ட வணிகச் சின்னங்கள் சட்டமோ ஆள்களப் பெயரைக் குறிப்பிடவில்லை. பின்னர், ‘சிஃபி’ என்னும் பெயரை உருவாக்கிய சென்னையின் சத்யம் இன்ஃபோவே, ‘சிஃபிநெட்’ நிறுவனத்திற்கு எதிராகப் பெற்ற தடையைக் கருநாடக உயர்நீதிமன்றம் நீக்கியது. 2004 மே 6 அன்று உச்சநீதிமன்றம் அத்தடையை மீட்டளித்தது. தம் சரக்கைப் பிறர் சரக்காகக் காட்டி விற்பதைத் தடுக்கும் பழைய பொதுச்சட்ட நெறி ஆள்களப் பெயருக்கும் பொருந்தும் என்றது.

சட்டத்தின் இடைவெளி இவ்வாறு நிரம்பினும், அந்நெறியை நாடுவோர் தம் பெயருக்குச் சந்தையில் நன்மதிப்பு உண்டென மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே புதிதாகத் தொழில் தொடங்கும் சிறுவணிகர்க்கு இப்பாதுகாப்பு எளிதில் எட்டுவதன்று.