9.2 அங்குல முற்றுகைப் பீரங்கி: எடையும் வரலாறும்

முன்னுரை

ஒரு போர்க்கருவியின் ஆயுட்காலத்தை அதற்குரிய போர்முறையே பெரிதும் தீர்மானிக்கிறது. பிரிட்டிஷ் படையின் 9.2 அங்குல முற்றுகை ஹோவிட்சரின் பணிவரலாற்றின் வழி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைப்பு

கவன்ட்ரி ஆர்ட்னன்ஸ் ஒர்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய இப்பீரங்கியின் முதல் மாதிரி, 1914 இறுதியில் பிரான்சுப் போர்முனையை அடைந்தது. படைவீரர் அதனை ‘மதர்’ (தாய்) என அழைத்தனர். அது ஏறத்தாழ 130 கிலோ எடையுள்ள குண்டை 9.2 கிலோமீட்டர் தொலைவுக்கு எறிந்தது. பின்னர் வந்த இரண்டாம் வகையில் இத்தொலைவு 12.7 கிலோமீட்டராக உயர்ந்தது.

இப்பீரங்கிக்குச் சக்கர வண்டி இல்லை. மூன்று சுமைகளாகப் பிரித்து இழுத்துச் செல்லப்பட்டு, தரையில் பதித்த இரும்பு மேடைமீது மீண்டும் பூட்டப்பட்டது. சுடும்போது பீரங்கி நிலைபெயராதிருக்க, முன்புறமுள்ள இரும்புப் பெட்டியில் முதல் வகைக்கு 9 டன் மண் நிரப்பவேண்டியிருந்தது. குண்டும் சிறு பாரந்தூக்கியால் ஏற்றப்பட்டது.

பணி

போர்முனை ஓரிடத்திலேயே உறைந்துநின்ற பதுங்குகுழிப் போரில் இவ்வெடை குறையாகத் தோன்றவில்லை. எதிரியின் பீரங்கி நிலைகளையும் காப்பரண்களையும் தகர்க்க, சோம் (1916) முதலான போர்களில் இது பயன்பட்டது. எனினும் 1918இல் போர்முனை மீண்டும் நகரத் தொடங்கியபோது, பிரித்தும் பூட்டியும் இடம்பெயரவேண்டிய பீரங்கியின் இடர்ப்பாடு வெளிப்பட்டது. ஆயினும் இது கைவிடப்படவில்லை. 1939இல் மீண்டும் பிரான்சுக்கு அனுப்பப்பட்டது. 1940இல் படை பின்வாங்கியபோது அங்குச் சென்றவை இழக்கப்பட்டன. அதன்பின், சக்கரங்களின்மேல் அமைந்த 7.2 அங்குல ஹோவிட்சர் இதன் இடத்தைப் பெற்றது.

நினைவுச் சின்னம்

லண்டன் ஹைடு பார்க் கார்னரில் 1925இல் திறக்கப்பட்ட அரசப் பீரங்கிப்படை நினைவுச் சின்னத்தின் உச்சியில் இப்பீரங்கியின் கல்லுருவம் அமைந்துள்ளது. சிற்பி சார்லஸ் சார்ஜன்ட் ஜாகர் அப்போரில் காயமுற்றவர். மேலங்கியால் மூடப்பட்ட இறந்த வீரனின் வெண்கல உருவை அதன் அடியில் அமைக்க அவர் விரும்பினார். எதிர்ப்பு எழுந்தபோது, அதற்கான செலவைத் தாமே ஏற்கவும் முன்வந்தார். உயிர்நீத்த 49,076 பீரங்கிப்படையினரின் எண்ணிக்கை அச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

நிலைத்துநின்ற போர்முனையில் வலிமையாக விளங்கிய எடையே, நகரும் போரில் இப்பீரங்கிக்குத் தடையாயிற்று. களத்தில் இடம் இழந்த பின்னரும் கல்வடிவில் அது நிற்கிறது. ஆயின் அதனை இயக்கியோர் கொடுத்த விலையை அதன் அடியில் கிடக்கும் வீரனின் உருவே உணர்த்துகிறது எனலாம்.