மேலமாசி வீதியில் பிறந்த அரையாடை

மதுரைக்கென்று தனியாக ஒரு நாள்காட்டி அச்சடித்தால், தேதிக்குக் கீழே எழுதச் சேதிக்குப் பஞ்சம் வராது. 1764 அக்டோபர் 15: ஊரார் கான்சாகிப் என்று அழைத்த யூசுப் கானை ஆற்காட்டு நவாப் தூக்கிலிட்ட நாள். 1895 அக்டோபர் 10: பெரியாற்றுத் தண்ணீரை வைகைச் சமவெளிக்குத் திருப்பிய அணை திறந்த நாள். 1901 செப்டம்பர் 14: பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்ட நாள். 1920 ஏப்ரல் 3: குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்ட நாள். 1939 ஜூலை 8: வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்டவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த நாள்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் எழுதலாம். ஆனால் உலகத்தில் எந்த மூலையில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் நான்கு கோடுகளில் வரைந்து காட்டக்கூடிய ஒன்று இந்த ஊரில் பிறந்தது 1921 செப்டம்பர் 22, வியாழக்கிழமை. காந்தியின் அரையாடை.

மதுரையில் இதற்குச் சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரியும். ரயிலில் வந்த காந்தி வயலில் கோவணத்தோடு உழுதவனைப் பார்த்தார், மனம் உருகினார், மறுநாள் காலை சட்டையைக் கழற்றினார். வைகையில் ஒரே சேலையைப் பாதி உடுத்திப் பாதி துவைத்த பெண்ணைப் பார்த்தார் என்று இன்னொரு வடிவமும் உண்டு. மாற்றுச் சேலையில்லாத பெண் காந்தியின் வாழ்க்கையில் நிஜமாகவே வருகிறாள். ஆனால் அது 1917-ல் சம்பாரணில், பேசியது கஸ்தூரிபாவிடம், சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்தான் பேச்சாளர்களின் வாய்வழியாக வைகைக்கரைக்குக் குடிவந்துவிட்டாள் என்பது என் ஊகம்.

காந்தி தன் கையால் எழுதிவைத்த காரணம் இவ்வளவு உருக்கமானதல்ல. எனக்கு அதுதான் சுவையாகப் படுகிறது. ரயில் பெட்டியில் நடந்த ஒரு விலைவாசிப் பேச்சு அது.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தது. ஜூலை 31-ல் பம்பாய் பரேலில் அந்நியத் துணிகளை மலைபோல் குவித்து காந்தி தீ வைத்தார். செப்டம்பர் முடிவதற்குள் அந்நியத் துணியை அறவே விலக்க வேண்டும் என்பது காங்கிரஸ் வைத்த கெடு. பகிஷ்காரம் என்ற ஆயுதம் அப்போது புதிதல்ல. 1880-ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நிலக்கிழாரின் முகவராக இருந்த பாய்காட் என்பவருக்குக் குடியானவர்கள் அறுவடை செய்ய மறுத்தார்கள், கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். நம் கிராமங்கள் ஊர்விலக்கு என்று செய்வதை அவர்கள் ஆதிக்கத்தின் மேல் திருப்பினார்கள். வங்காளம் 1905 ஆகஸ்டில் அதைத் துணி மீது பிரயோகித்தது. 1921-ல் அயர்லாந்து துப்பாக்கிச் சண்டை முடிந்து ஜூலை 11 முதல் போர்நிறுத்தத்தில் இருந்தது. லண்டன் அரசாங்கம் அங்கே பேச்சுவார்த்தைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது இங்கே தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டது. செப்டம்பர் 14-ல் காந்தியோடு பயணம் செய்த மௌலானா முகமது அலியை வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்தார்கள்.

முகமது அலி இல்லாமல்தான் காந்தி சென்னைக்கு வந்தார். கடற்கரைக் கூட்டத்தில், கதர் வாங்க வசதியில்லாதவர்கள் அரையில் ஒரு துண்டோடு இருந்துகொள்ளலாம், நம் வெயிலுக்கு அது போதும் என்று யோசனை சொன்னார். சொல்லிவிட்டுத் தான் மட்டும் சட்டை, குல்லாய், முழு வேட்டியோடு தெற்கே ரயிலேறினார்.

பெட்டியில் ஏகப்பட்ட கூட்டம். முகமது அலி கைதானதைப் பற்றி அவர்களில் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அநேகமாக எல்லோர் மேலும் சீமைத் துணி. காந்தி சும்மா இருப்பாரா? கதர் உடுத்தச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் ஏழைகள், கதர் விலை எங்களுக்குக் கட்டாது என்றார்கள்.

தேசத் தலைவர் ஒருவருக்கு ரயில் பயணிகள் கொடுத்த இந்தப் பதிலில் பாதிதான் நிஜம் என்று காந்திக்குத் தெரியும். சீமைத் துணியில் பகட்டாக வந்தவர்கள் பரம ஏழைகளாக இருந்திருக்க முடியாது. ஆனால் மீதிப் பாதி அவரைக் குடைந்தது. ஜன்னலுக்கு வெளியே நாலு விரற்கடை அகலக் கோவணத்தோடு நின்ற லட்சக்கணக்கானவர்களுக்கு அது முழு நிஜம். மில் துணியோடு விலையில் போட்டிபோடக் கதரால் அன்றும் முடியவில்லை. கையால் நூற்று, கையால் நெய்து, அகலமும் குறைவாக வரும் துணி. இருக்கிற துணியை எரித்துவிட்டு எட்டு முழக் கதர் வேட்டி வாங்கு என்று கூலிக்காரனிடம் சொல்வது அநியாயம். நீளத்தைக் குறை என்று சொல்லலாம். சொல்வதற்குமுன் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்.

விலையைக் குறைக்க முடியாதவர் துணியைக் குறைத்தார். அரையாடையின் பிறப்பு ரகசியம் இவ்வளவுதான்.

திடீரென்று வந்த ஞானமும் அல்ல. வங்காளத்தில் குல்னா பகுதி பஞ்சத்தில் கிடந்தபோது, அங்கே ஜனங்கள் துணியில்லாமல் சாகிறார்கள், நீர் துணியை எரிக்கிறீரே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அப்போதே, பாரிசாலில், சட்டையையும் வேட்டியையும் அனுப்பிவிடலாமா என்று நினைத்துத் தன்னை அடக்கிக்கொண்டதாக எழுதுகிறார். முகமது அலி கைதானபோது மறுபடி அந்த எண்ணம் வந்து போயிருக்கிறது. இன்னும் பின்னால் போனால் 1913 டிசம்பர், டர்பன். நேட்டாலில் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தக் கூலிகளை அரசாங்கம் சுட்டதற்குத் துக்கம் காக்க, கோட்டு சூட்டை விட்டுவிட்டு, தலையை மழித்து, கூலியாட்களின் உடையில் வெறுங்காலோடு மேடையேறினார். அந்தக் கூலிகளில் பலர் தமிழர்கள். ஆக காந்தியின் உடை இருமுறை பெரிதாக மாறியிருக்கிறது; இருமுறையும் எதிரே நின்றவர்கள் நம் ஜனங்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றால், ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் காரணம் நம் ஆட்களின் வறுமை.

செப்டம்பர் 21 இரவு மதுரையில் தங்கல், மேலமாசி வீதியில் ராம்ஜி கல்யாண்ஜி என்பவர் வீட்டு மாடி. மதுரை அப்போது துணி ஊர். ரயிலடிக்குப் பக்கத்தில் ஹார்வி மில்லின் சங்கு ஊதும். கிழக்கே சௌராஷ்டிரர் தெருக்களில் தறிச் சத்தம் ஓயாது. கைத்தறிதான், ஆனாலும் அதில் ஓடிய நூல் பெரும்பாலும் மில் நூல். காந்தியின் கணக்கில் அதுவும் கதராகாது. துணியால் பிழைக்கும் ஊரில் துணியைக் குறைக்கும் முடிவை எடுத்தார் என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

கூட இருந்தவர்களில் பலருக்கு யோசனை பிடிக்கவில்லை. ராஜகோபாலாச்சாரியார் தடுத்துப் பார்த்தார். டாக்டர் ராஜனும் அவரோடு இருந்தார். ஜனங்களுக்குச் சங்கடமாக இருக்கும், சிலருக்குப் புரியாது, பைத்தியம் என்றுகூடச் சொல்வார்கள், யாராலும் பின்பற்ற முடியாது. நண்பர்கள் சொன்ன ஆட்சேபங்களை மறைக்காமல் காந்தியே பதிவு செய்திருக்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி மகாத்மாவையும் விடவில்லை.

காலையில் தலையை மழித்துக்கொண்டு, முழங்காலுக்கு மேல் நிற்கும் சிறு துண்டை அரையில் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். நம்மூர்க் குடியானவனின் கோவணமும் அல்ல, நாலு முழ வேட்டியும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இன்றைய காமராசர் சாலையில், இப்போது காந்தி பொட்டல் என்று பெயர்பெற்ற இடத்தில், அந்தக் கோலத்தில் முதல்முறை ஜனங்கள் முன் நின்றார் என்று ஊர் சொல்கிறது. சிலை ஒன்றும் அங்கே நிற்கிறது. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். உடம்புக்கு உடை இதமாகத்தான் இருந்திருக்கும்.

அன்று வெளியிட்ட அறிக்கையில் ஒரு விவரம் முக்கியம். குல்லாயையும் சட்டையையும் குறைந்தது அக்டோபர் 31 வரை விடுவதாகத்தான் அறிவித்தார். குளிர் வந்தால் ஒரு சால்வை. வெற்றுடம்பும் வெறுந்தலையும் தன் பகுதியில் துக்கத்தின் அடையாளம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கூட இருப்பவர்கள் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை என்றும் விலக்குக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தால் நாற்பது நாள். சபரிமலைக்கு மாலை போட்டவர் கறுப்பு வேட்டி கட்டுகிற மாதிரி, கெடு வைத்த விரதம். மாலையைக் கழற்றும் நாள் வந்தது, அவர் கழற்றவில்லை. இருபத்தாறு வருஷம் அப்படியே இருந்தார்.

இந்த உடையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒன்று, இது ஆண்களுக்கு மட்டுமான தீர்வு. கதர்ச் சேலை விலை கூட என்று சொன்ன பெண்ணிடம் நீளத்தைக் குறைத்துக்கொள் என்று எவரும் சொல்ல முடியாது. கனத்த சேலையைக் காசு கொடுத்து வாங்கிச் சுமந்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது விஷயம் கசப்பானது. மதுரைக்குக் கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது என்பவை அவற்றில் சேர்ந்தவை. பிரிட்டிஷ் அதிகாரி ஹட்டன் இதைத் தன் சாதி பற்றிய நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஒரே சமவெளி, ஒன்பது வருஷ இடைவெளி: பாரிஸ்டர் ஒருவர் விரும்பிக் குறைத்துக்கொண்ட அதே அளவுத் துணி, இன்னொருவனுக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டது. சட்டையைக் கழற்றுவதைத் தியாகமாக்க, கழற்றுவதற்கு முதலில் சட்டை வேண்டும். அம்பேத்கர் ஏன் கோட்டு சூட்டோடு நின்றார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இரண்டு உடையும் சரிதான் என்பது என் கட்சி. ஆனால் அரையாடையை மட்டும் பாடப்புத்தகத்தில் வைத்துவிட்டு எட்டுத் தடைகளை விட்டுவிடுவது சரியல்ல.

பிறகு அந்த உடை கண்ட இடங்கள் ஏராளம். 1931 பிப்ரவரியில் சர்ச்சில் அதைச் சொல்லியே இழித்துப் பேசினார். அதே ஆண்டு நவம்பர் 5-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அதே கோலத்தில் போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தார். எனக்கு அரண்மனையைவிட லங்காஷயர் பயணம் பெரிதாகத் தோன்றுகிறது. செப்டம்பர் கடைசியில், நம் பகிஷ்காரத்தாலும் சேர்ந்து வேலையிழந்த மில் தொழிலாளர்களின் ஊருக்கே நேரில் போனார். ரயில் பெட்டியில் கேட்ட விலைக் கேள்வியின் மறுமுனை அங்கே இருந்தது. அவர்கள் அவரைக் கைதட்டி வரவேற்றார்கள், படம் இருக்கிறது.

மதுரைக்கு மறுபடி 1927, 1934, 1946-ல் வந்தார். 1946 பிப்ரவரியில்தான் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். எல்லோருக்கும் கதவு திறந்த பிறகு. 1948 ஜனவரி 30-ல் குண்டு பட்டபோது அவர் உடம்பில் இருந்த ரத்தக்கறை படிந்த துணி, 1959 ஏப்ரல் 15-ல் நேரு திறந்துவைத்த தமுக்கம் காந்தி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

மேலமாசி வீதி வீட்டில் இப்போது கதர்க் கடை நடக்கிறது. காந்தி ஜெயந்தியை ஒட்டித் தள்ளுபடி போடுவார்கள். மீனாட்சியைப் பார்க்க வருகிறவர்கள் ஐந்து நிமிஷ நடையில் இங்கேயும் ஒரு எட்டு வந்து, நல்ல கதர் வேட்டி ஒன்றின் விலையைக் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு அந்த ரயில் பயணிகளை அவ்வளவு சுலபமாகக் குறை சொல்ல மாட்டீர்கள்.