கருமருந்தும் மாற்று மருந்துகளும்: பலெர்மோ நினைவூட்டும் உண்மை

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகருக்குள் 1860ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி கரிபால்டியின் தொண்டர் படை நுழைந்தது. அப்படையினர் பெரும்பாலும் ஏந்தியிருந்தவை, குழலின் வாய் வழியே மருந்தையும் குண்டையும் இட்டுச் சுடும் பழைய துப்பாக்கிகள். தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கி என்று அறியப்படுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆயுதங்களின் பழமையைவிட மருந்துப் பற்றாக்குறையே அவர்களுக்குப் பெரும் கவலையாக இருந்தது. சிசிலிக்கு வரும் வழியிலேயே ஒர்பெத்தெல்லோ கோட்டையிலிருந்து மருந்தும் தோட்டாக்களும் பெற வேண்டியிருந்தது. மே 30ஆம் தேதி சண்டை நிறுத்தம் ஏற்பட்டபோது கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்திருந்தது.

அக்காலத்தில் உலகின் பெரும்பகுதிக் கந்தகத்தை வழங்கியது சிசிலிதான். ஆனால் கருமருந்தில் கந்தகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. முக்கால் பங்கு வெடியுப்பு, எஞ்சியது கரி. பிரிட்டன் தனக்குத் தேவையான வெடியுப்பைப் பீகார், வங்காளப் பகுதிகளிலிருந்து பெற்றுவந்தது.

பலமும் ஆபத்தும்

அளவில் குறைவானாலும், மருந்து எளிதில் தீப்பற்றக் கந்தகம் உதவுகிறது. சக்கிமுக்கிக் கல்லின் சிறு பொறியே கருமருந்துக்குப் போதும். அதுவே அதன் ஆபத்தும் ஆகும். மேலும், எரிந்தபின் பாதிக்கும் அதிகமான பகுதி திடப்பொருளாகிப் புகையாகவும் கசடாகவும் மாறுகிறது. கசடு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்கிறது.

இக்குறைகளுக்கு விடையாக அமெரிக்காவில் மாற்று மருந்துகள் உருவாயின. 1970களில் விற்பனைக்கு வந்த பைரோடெக்ஸ், கருமருந்தைப்போல் எளிதில் தீப்பற்றுவதில்லை. எனவே அதைச் சேமிப்பதும் அனுப்புவதும் எளிது. ஆனால் அதிலுள்ள பெர்குளோரேட் உப்பின் எச்சமும் இரும்பை அரிக்கும். பின்னர் வந்த டிரிபிள் செவன் கந்தகம் இல்லாதது. கசடைத் தண்ணீரால் கழுவலாம். நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட பிளாக்ஹார்ன் 209, வலுவான பற்றுவிசை கொண்ட நவீனத் துப்பாக்கிகளுக்கே ஏற்றது.

எடையா, கொள்ளளவா?

பைரோடெக்ஸ் கருமருந்தைவிட எடை குறைந்தது. ஆகவே அதை எடைக்கு எடை அல்லாமல், கருமருந்துக்கான கொள்ளளவின்படியே அளக்க வேண்டும். டிரிபிள் செவனின் வேகம் கூடுதல் என்பதால், அதன் அளவைக் குறைக்குமாறு தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகின்றனர். 1884இல் பிரான்சில் பால் வியெல் கண்டறிந்த புகையற்ற மருந்து இவற்றிலிருந்து வேறுபட்டது. கருமருந்துக்கென அமைந்த குழலில் அதை இட்டால் குழலே வெடித்துச் சிதறக்கூடும்.

தீப்பற்றத் தயங்குவதே மாற்று மருந்துகளின் பாதுகாப்பு. அதே காரணத்தால்தான் சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் அவை நம்பகமாக இயங்குவதில்லை. ஆகவே எந்த மருந்து சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. பழைய துப்பாக்கிக்குக் கருமருந்துக்கு நிகர் இன்னும் இல்லை. புதியவற்றுக்கோ மாற்று மருந்து பல வகையில் வசதியானது. தேர்வைத் தீர்மானிப்பது மருந்தின் வலிமையைவிட, அதைப் பற்றவைக்கும் அமைப்பே.